அடுப்போட ரூமா, சாப்பாட்டோட ரூமா?

காலைச் சித்த அந்தப் பக்கமாத் தள்ளிக்கிட்டீங்கன்னா இந்தப் பெட்டியை இப்படி வெச்சுக்குவேனுங்க தம்பி. கனமாத்தான் இருக்கும். பயப்படாதீங்க, உள்ள ஒண்ணும் வில்லங்கம் இல்லீங்க. குக்கரு, கரண்ட் அடுப்பு, மிக்சி, அரிசி, பருப்பு, அஞ்சறைப்பெட்டி, அவ்வளவுதான். சமையல்காரரான்னா கேக்கறீங்க? அட, கண்டக்டரும் இதேதான் கேட்டாரு, எந்த மண்டபத்துல கல்யாணம்னு. நான் மோட்டாருக்குக் காயில் கட்றவனுங்க. கோபியில பட்டறை. குழந்தைவேலு பட்டறைன்னு கேட்டீங்கன்னா எந்தத் தோட்டத்துக்காரரும் கையைக் காட்டுவாரு.

கோத்தகிரிக்கு டூரு வந்தேனுங்க. தனியா இல்லீங்க, டூருக்கு ஆராச்சும் தனியா வருவாங்களா? ஊட்டுக்காரியோடதான் வந்தேன். கலாமணின்னு பேரு. அவ மேல இருக்கறா. அடடே, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க தம்பி, மலை மேலன்னு சொன்னேன். ரிசார்ட்டுல இருக்கறா. நான் மட்டும் எறங்கறேன். ஏன்னு கேக்கறீங்களா? கேளுங்க. மேட்டுப்பாளையம் போறதுக்கு இன்னும் நெம்ப நேரம் இருக்குது. நாயத்தை நீங்களே சொல்லுங்க.

டூருன்னா ரெண்டே வகைதானுங்க. ஒண்ணு அடுப்போட ரூமு. இன்னொண்ணு சாப்பாட்டோட ரூமு. அடுப்போட ரூமுன்னா அடுப்படி வெச்ச ஊட்டை நாலு நாளைக்கு வாடகைக்குப் புடிச்சு நாமளே பொங்கித் தின்னுக்கறது. சாப்பாட்டோட ரூமுன்னா மூணு வேளைச் சோறு, டீ, பலகாரம் எல்லாம் அவனே போட்டுருவான், நாம தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கோணும். நான் எப்பவுமே அடுப்போட ரூமுக் கட்சிங்க. இன்னைக்கு நேத்து இல்ல, கல்யாணமாகி இருபத்தொம்பது வருசமா. ஏன்னு கேளுங்க. அவன் மணி அடிக்கற நேரத்துக்கு நாம பசிக்கோணுமா? நம்ம அடுப்புன்னா நெனச்ச நேரத்துக்குக் காப்பி, நெனச்ச நேரத்துக்குத் தோசை. நாமளே சமைச்சு நாமளே சாப்பிடற சுகம் இருக்குது பாருங்க, அது எந்த ரிசார்ட்டுலயும் கெடைக்காது.

வேலை இருக்குமேன்னு கேப்பீங்க. வேலையெல்லாம் பங்கு போட்டுக்குவோமுங்க. ஊடு புடிக்கறது நானு. பெட்டி கட்றது நானு. இந்தப் பெட்டியே நான் செஞ்சதுதான், தட்டிப் பாருங்க, தேக்கு. கேஸ் இருந்தா ரெகுலேட்டர் மாட்றது நானு. என்ன சமைக்கறதுன்னு யோசிக்கறதும் நானு. அதென்ன லேசுப்பட்ட வேலைங்களா, ஒரு நாளைக்கு மூணு வேளைக்கு யோசிக்கோணுமில்ல? மீதி வேலைதான் அவளுக்கு.

அதுவும் நாங்க டூரு போறது ஐப்பசி கார்த்திகையிலதானுங்க. சித்திரை வைகாசியில கெணத்துல தண்ணி இருக்காது, மோட்டாரு சும்மா ஓடி ஓடிக் காயில் புகையும். அப்ப எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மழை புடிச்சாத்தான் பட்டறை ஓயும். ஊரே டூரு முடிச்சு எறங்குனதுக்கு அப்பறம் நாங்க ஏறுவோம். என்ன குளிரு! அந்தக் குளிருக்கு அடுப்புப் பக்கத்துல நிக்கறதே ஒரு சுகம்னு வெச்சுக்குங்களேன். அந்த சுகத்தை நான் இத்தன வருசமும் அவளுக்கே விட்டுக் குடுத்திருக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். அவளுக்கு ஊரு பாக்கறதுல ஆர்வமே கெடையாதுங்க. அதென்னமோ அவ சுபாவம் அப்படி. கொடைக்கானல் அஞ்சு தடவை போயிருக்கறோம், படகுல ஏறுனதில்ல. வா கண்ணுன்னு கூப்புட்டா, பால் அடுப்புல இருக்குது மாமா, நீங்க போயிட்டு வாங்கம்பா. ஏற்காட்டுல அடுப்படிச் சன்னலுக்கு நேரா ஒரு தண்ணித் தொட்டி இருந்துச்சு. அவளுக்கு ஏற்காடுன்னா அந்தத் தொட்டிதான். மூணாறுல போயி, ஏன் கண்ணு, தேயிலைத் தோட்டம் வந்து பாக்கலையான்னு கேட்டேன். காலையில இருந்து ஆறு தடவை டீ போட்டுட்டேன், இலையை வேற நேருல போயிப் பாக்கோணுமான்னு கேட்டா. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கல. எனக்குன்னு சொல்லோணும். அவ சிரிச்சாளான்னு நெனப்பில்ல, வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா.

இந்த வருசந்தான் வம்பு வந்துச்சுங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு, தாரணி, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது. அது போன மாசம் போன் பண்ணுச்சு. அப்பா, இந்தத் தடவை டூரு எங்க செலவு, போனை ஸ்பீக்கர்ல போடுங்கன்னுச்சு. போட்டேன். அம்மா, அடுப்போட ரூமு வேணுமா, சாப்பாட்டோட ரூமு வேணுமா, நீ சொல்லுன்னுச்சு. நான் சொன்னேன், இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது கண்ணுன்னு. அப்பா நீங்க சித்த சும்மா இருங்கன்னுருச்சு. பெத்த அப்பனைங்க!

சரின்னு நான் ரெண்டு பக்கத்து நாயத்தையும் கலாமணிக்கு எடுத்துச் சொன்னேன். ஒருதலைப்பட்சமா இல்லீங்க. சாப்பாட்டோட ரூமுன்னா வவுறு கெடும், ரசம் இனிக்கும், பொழுது போவாது, கை சும்மா இருந்தா உனக்குப் பைத்தியம் புடிக்கும். அடுப்போட ரூமுன்னா ஊட்டுல இருக்கற மாதிரியே இருக்கும். இதைச் சொன்னப்ப அவ என்னை ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு போன் பக்கம் குனிஞ்சு, சாப்பாட்டோட அப்படின்னா. ஒரே வார்த்தை. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அப்பறம் யோசிச்சதுலதான் புரிஞ்சுது. எனக்கு முட்டி வலி இருக்குதில்லீங்க, பெட்டி தூக்கறதுக்குச் சிரமப்படுவேன்னு எனக்காக அப்படிச் சொல்லியிருக்கறா. அவளுக்கு எம்மேல அத்தன அக்கறை.

பெட்டியை நான் எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். முட்டி வலிச்சாலும் பரவாயில்லன்னு. வாடகைக் காருக்காரன் டிக்கியில இடமில்லைன்னான், கலாமணி பையை அவ மடியில வெச்சுக்கச் சொல்லிட்டுப் பெட்டியை டிக்கியில ஏத்துனேன். புதன்கிழமை மத்தியானம் வந்து எறங்கறோம். ரூமுக்குள்ள சமைக்கக் கூடாதுங்க சார்னு வாசல்லயே சொல்லிட்டாங்க. ஆரு சமைக்கறா, இது துணிப் பெட்டின்னுட்டேன். குக்கர் மூடி லொடலொடன்னு சத்தம் போடுது.

அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனமுங்க. நீளமா பத்திருவது பாத்திரம், எல்லாத்துக்கும் மூடி. நான் ஒவ்வொண்ணாத் தெறந்து பாத்து, இதுல உப்பு பத்தாது, இதுல எண்ணெய் சாஸ்தின்னு சொல்லிக்கிட்டே போறேன். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். சன்னல் ஓரமா ஒரு மேசையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கறா. ஆவி பறக்குது சோத்துல. அவசரமே இல்லாம, ஒவ்வொரு வாயா. முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயி இன்னொரு தட்டு. அப்பறம் பாயசம். தம்பி, பொய் சொல்லக் கூடாது, அவ உக்காந்து சூடாச் சாப்பிட்டு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஊட்டுல நாங்கெல்லாம் எந்திரிச்சதுக்கு அப்பறந்தான் அவ உக்காருவா, நான் அந்நேரம் பட்டறைக்குப் போயிருவேன். பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சுங்கறீங்க? இத்தன சாப்பிடறவளா இவ, இத்தன நாளா சொல்லவே இல்லையேன்னு கோவம்தான் வந்துச்சு.

அதை விடுங்க. நேத்து காலையில நடந்ததைக் கேளுங்க. தோசை அங்கயே கண்ணு முன்னால ஊத்தித் தர்றாங்க. ஊத்தறவர், அம்மா, முறுகலா வேணுங்களா, மெத்துன்னு வேணுங்களான்னு கேட்டாரு. இவ பரிச்சை எழுதறவளாட்டம் கல்லையே பாத்துக்கிட்டு நிக்கறா. பின்னால நாலு பேரு வரிசையில நிக்கறாங்க. நான்தான் சொன்னேன், அவளுக்கு மெத்துன்னு போடுங்க, அவ எப்பவும் அதுதான் சாப்பிடுவான்னு. எனக்குத் தெரியாதுங்களா? முறுகல் தோசையெல்லாம் என் தட்டுல போட்டுட்டு, கடைசியில கல்லு ஆறுனப்பறம் ஊத்துன மெத்துத் தோசைதான் அவ சாப்பிடுவா. ஆனா இவ என்ன சொல்றா? முறுகலா. இன்னும் சித்த முறுகலா. ஓரமெல்லாம் செவக்கோணும். அப்படின்னு சொல்றா! ரெண்டே வேளை ரிசார்ட்டுச் சோறு தின்னதுல பழக்கமே மாறிப்போச்சுங்க. அதுக்குத்தான் நான் சாப்பாட்டோட ரூமு வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்.

எனக்கு அங்க ஒரு வாய் எறங்கலீங்க. சாம்பார்ல வெல்லம் போட்டிருந்தான். நேத்துப் பூராவும் பன்னும் டீயும்தான். இவளுக்கு நாமக்கல்லுல இருந்து வந்த ரெண்டு டீச்சரம்மாங்க சிநேகம் ஆயிட்டாங்க. அவங்ககூட நடக்கப் போறா, ஊஞ்சல்ல உக்கார்றா, சத்தம் போட்டுச் சிரிக்கறா. நான் ரூமுல பன்னு தின்னுக்கிட்டு இருக்கறேன்.

இன்னைக்குக் காலையில தாங்க முடியலீங்க. கதவைத் தாப்பாப் போட்டுட்டுப் பெட்டியைத் தெறந்து கரண்ட் அடுப்பை மேசையில வெச்சேன். கலாமணி, ஒரே ஒரு குண்டா அரிசிம்பருப்புச் சோறு பொங்கிக் குடு கண்ணு, சின்ன வெங்காயம் கூட நான் கொண்டாந்திருக்கறேன்னு சொன்னேன். எத்தன பணிவாக் கேட்டேன்னு நெனைக்கறீங்க! அவ சண்டை போட்டிருந்தாக் கூட எனக்குச் சங்கடமில்ல. செருப்பை மாட்டிக்கிட்டு, நீங்களே வையுங்க மாமா, நாமளே சமைச்சுச் சாப்பிடறதுதான் சுகம்னு சொல்லுவீங்களே, நான் அந்தப் பக்கம் அருவி பாக்கப் போறேன்னு போயிட்டா. ஊரு பாக்கறதுல ஆர்வமில்லாதவ அருவி பாக்கப் போறாளாம்.

சரி, மோட்டாருக்கே காயில் கட்றவனுக்கு ஒரு குக்கர் பெரிய விசயமான்னு எறங்கிட்டேன். அரிசியைப் போட்டேன், பருப்பைப் போட்டேன், வெங்காயம் மொளகா எல்லாம் போட்டு, அரிசி நனையற அளவுக்குத் தண்ணி தெளிச்சு மூடிட்டு, விசிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். விசில் வரவே இல்லீங்க. குக்கர்ல ஏதோ கோளாறு. காஸ்கட் போயிருக்கும். கருகுன வாடை வந்துச்சு, அப்பறம் பொகை. கூரையில வட்டமா ஒரு டப்பா பச்சை வெளிச்சத்தோட இருந்துச்சு. நான் ஏதோ அலங்காரத்துக்கு வெச்சிருக்கறாங்கன்னு நெனச்சேன். அது கத்துச்சு பாருங்க, எங்க ஊரு மில்லுச் சங்கெல்லாம் தோத்துருச்சு. ரிசார்ட்டே எந்திரிச்சு வெளிய ஓடியாருது. தூறல்ல, புல்லு மேல, அம்பது அறுவது பேரு. ஒருத்தரு தலையில சோப்பு நொரையோட நிக்கறாரு. கல்யாணமாகிப் புதுசா வந்த ஜோடி ஒண்ணு போர்வையைப் போத்திக்கிட்டு நிக்குது. நான் கரண்டியோட நிக்கறேன்.

அந்த நேரம் பாத்து டீச்சரம்மாங்களோட கலாமணி திரும்பி வர்றா. எந்த ரூமுல தீயின்னு ஒரு டீச்சரம்மா கேட்டாங்க. பதினொண்ணாம் நம்பருன்னாங்க. அது ஆருதுங்கன்னு அந்தம்மா இவளைக் கேக்குது. இவ என்னைப் பாத்தா, கரண்டியைப் பாத்தா, ஆரோ ஒருத்தர் போலிருக்குதுங்கன்னுட்டா. என் மானத்தைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்லியிருப்பா. அப்படித்தானுங்களே தம்பி?

மேனேஜர் நல்ல பையன்தான், கோவிச்சுக்கல. சார், அரிசிம்பருப்புச் சோறுதானே, கேட்டிருந்தா எங்க சமையக்கட்டுல வெச்சுத் தந்திருப்பமே, இப்பவே சொல்லட்டுமான்னான். அதுல என்ற ஊட்டுக்காரி கைப்பக்குவம் வருமாப்பான்னு கேட்டேன். அவங்க லீவுல வந்திருக்காங்க சார்னான். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துருச்சுங்க. நேரா ரூமுக்கு வந்து கலாமணிகிட்ட, துணியெல்லாம் எடுத்து வை, இந்த எடத்துல இனி ஒரு நிமிசம் இருக்கக் கூடாது, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரூமு இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னேன். அவ வேட்டி, சட்டை, மாத்திரை, துண்டு எல்லாம் மடிச்சு அடுக்குனா. நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் பாக்கறேன். ஒரு பைதான் இருக்குது. என் பை.

உன்ற பை எங்கன்னேன். எனக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது மாமா, நீங்க போங்கன்னா. சத்தமே இல்லாமச் சொல்றா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு கோபி பஸ் ஸ்டாண்டுல எறங்குவேன், எறங்கி போன் பண்ணுவேன், உங்க கையால சோறு வெச்சிருந்தீங்கன்னா ஊட்டுக்கு வர்றேன், இல்லாட்டி அப்படியே திருப்பூர் பஸ் ஏறி தாரணி ஊட்டுக்குப் போயிருவேன் அப்படின்னா. எத்தன நாளைக்குடின்னேன். உங்களுக்குச் சோறாக்கத் தெரியற வரைக்கும்னா. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சுச் சிரிச்சேன். அவ சிரிக்கலீங்க. வெங்காயமும் உரிக்கல. சும்மாத்தான் நின்னுக்கிட்டு இருந்தா.

கேட்டுக்கு வெளிய ஒரு மணி நேரம் நின்னேனுங்க. ரெண்டு பஸ்ஸை விட்டேன். எப்படியும் மனசு கேக்காம பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துருவான்னுதான். மாடி வராந்தாவுல வந்து நின்னா. கையில டீ டம்ளரு. என்னைப் பாத்துக் கையை ஆட்டுனா. வா வான்னு கூப்புடறான்னு நெனச்சு ரெண்டு எட்டு எடுத்து வெச்சேன். அப்பறம்தான் தெரியுது, மூணாவது பஸ் வருதாம், ஏறுங்க ஏறுங்கன்னு காட்டறா. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க தம்பி. எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. அவ இல்லாம அந்த ஊட்டுல ஒரு நாளு நான் இருந்ததில்ல. பிரசவத்துக்கு அவ அம்மா ஊட்டுக்குப் போனப்பக் கூட நானும் அங்கயே போயி உக்காந்துக்கிட்டேன். கதவைத் தெறந்து உள்ள போயி என்னங்க பண்றது? தீப்பெட்டி எங்க இருக்கும்னு கூட எனக்குத் தெரியாதுங்க.

ஓட்டல்ல பார்சல் வாங்கி வெச்சிரலாமேன்னு சொல்றீங்க. நானும் யோசிச்சேன். முதல் வாயிலயே கண்டுபுடிச்சிருவா. அவகிட்ட அந்தப் பொய் எடுபடாதுங்க. தாரணிகிட்டக் கேக்கலாம்தான். கேட்டா அது அடுத்த நிமிசமே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லி ரெண்டு பேரும் சிரிப்பாங்க. பக்கத்து ஊட்டுல கேட்டா ஊரே சிரிக்கும். அதான் உங்ககிட்டக் கேக்கறேன், நீங்க ஆரோ நான் ஆரோ. ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தன டம்ளர் தண்ணிங்க தம்பி?

என்னங்க முழிக்கறீங்க? உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தன வருசமாச்சு? ஆறா? ஆறு வருசமா நீங்க என்னங்க பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ஏனுங்க கண்டக்டரே, உங்களுக்காவது தெரியுமா? அட, டிக்கெட்டைப் பத்தி இல்லீங்க, அரிசியைப் பத்தி. குக்கர் பாத்துக்குமாமா? நான் பாத்தேனே, அது பாத்துக்கிட்ட லட்சணத்தை! பின்னால உக்காந்திருக்கறவங்களே, உங்களுக்கு? ஒருத்தருக்கும் தெரியாதா? இத்தன ஆம்பளைங்க இருக்கற பஸ்ஸுல?

சரி, குஞ்சப்பனை தாண்டிருச்சு, பாதி மலை எறங்கியாச்சு. இனி வெக்கப்பட்டுப் பிரயோசனமில்ல. இந்தப் பெட்டியைச் சித்த புடிச்சுக்குங்க தம்பி, நான் முன்னால பொம்பளைங்க சீட்டு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ஏனுங்க அம்மிணிகளா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு டம்ளர் அரிசிக்குத் தண்ணி எத்தனைங்க? பருப்பு எப்பப் போடறது, எத்தன விசிலு? சித்த நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கறேன். சிரிக்கறதை அப்பறம் சிரிச்சுக்குங்க, நான் எங்கயும் போவல, மேட்டுப்பாளையம் வரைக்கும் இங்கயேதான் நிப்பேன். மொதல்ல தண்ணியைச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்ற ஊட்டுக்காரம்மா வர்றாங்க.